கடைசிக் குதிரை வரும்வரை மைக்கை அணைக்காதீர்கள்

எண்டியூரன்ஸ் என்கிற நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டிகளை நடத்துகிறவர்களுக்கும், நூறு, நூற்றிருபது, நூற்றறுபது கிலோமீட்டர் ஓட்டித் தேர்ந்த மூத்த ஓட்டிகளுக்கும்,



என்னை உங்களுக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. குதிரைகளைச் சோதிக்கிற வெட் கேட்டில் கால்நடை மருத்துவருக்கு அரையடி பின்னால், மழைச்சட்டையும் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையுமாக நிற்பவன் நான். நாடி எத்தனை, ஈறு ஏயா பீயா, குடல் ஓசை உண்டா, நடை சரியா என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுவது என் வேலை. இத்தனை வருஷத்தில் உங்கள் குதிரைகளின் நாடியை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எழுதியதோடு சரி, கருத்துச் சொன்னதில்லை. அட்டை பிடிக்கிறவன் வாய் திறக்கக்கூடாது என்பது அந்த இடத்துக்கான மரியாதை. இன்று ஒருநாள் அதை ஒதுக்கி வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்களில் தமிழ் வாசிப்பவர்கள் சிலர்தான். ஆனால் உங்கள் குதிரைக்குப் புல் போடுகிறவர்களில், மகளை முதல்முறை சேணத்தில் ஏற்றிவிட்டு வேலியோரம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற அப்பா அம்மாக்களில் தமிழ் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டே உங்களிடம் கேட்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு 40 கிலோமீட்டர் ஓட்டம். எந்த ஊர், யார் நடத்தியது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அவர்களை நோக்கிக் கையை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். வெயில் ஏறுமுன் முடிய வேண்டும் என்று விடியற்காலையே கிளப்பிவிட்டாயிற்று. பதினொரு மணிக்கெல்லாம் பரிசளிப்பும் ஆயிற்று. முதல் மூன்று பேருக்குக் கோப்பை, கைதட்டல், படம். மிச்சமிருந்த நாசி லெமாக் பொட்டலங்களை அள்ளிக் கட்டி, கூடாரத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் செம்மண் பாதையில் ஒரு குதிரை தெரிந்தது. மேலே ஆள் இல்லை. எனக்குத் திக்கென்றது. பிறகு பார்த்தால், ஓட்டி பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருக்கிறாள். பதினேழு பதினெட்டு வயசுப் பெண், முதல் ஓட்டம். குதிரை, பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்த கிழடு. கடைசி இரண்டு கிலோமீட்டரும் இறங்கி, கடிவாளத்தைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டே வந்திருக்கிறாள். கோட்டைக் கடக்கும்போது மேலே இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். நூறடி இருக்கையில் நின்று, அங்கவடியில் கால் வைத்து ஏறி, கோட்டைத் தாண்டினாள். தாண்டியவுடன் இறங்கிவிட்டாள். கைதட்ட ஆளில்லை. மைக்காரர் வயரைச் சுருட்டி முழங்கையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

மருத்துவர் மட்டும் போகவில்லை, அவர் போக முடியாது. ஸ்டெதாஸ்கோப்பை முன்னங்காலுக்குப் பின்னால், வார் பதிந்த தடத்துக்கருகே வைத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாடி 52. மேலுதட்டைத் தூக்கிக் கட்டைவிரலால் ஈறை அழுத்தி எடுத்தார், வெளுத்த இடம் கண் இமைப்பதற்குள் சிவந்தது. தோள் பக்கம் தோலைக் கிள்ளி விட்டார், சட்டென்று படிந்தது. ஓட்டிக் காட்டச் சொன்னார். அவள் கயிற்றைத் தளர விட்டு முன்னால் ஓட, கிழடு காதை முன்னே நீட்டிக்கொண்டு கூடவே ஓடிப் போய்த் திரும்பியது. எல்லாம் ஏ, அதாவது முதல் தரம். அன்று முதல் பரிசு வாங்கிய குதிரையின் அட்டையையும் நான்தான் எழுதினேன். நாடி 63, அதாவது எல்லையான 64க்கு ஒன்று குறைவு. தோல் பி, குடல் ஓசை பி. விதிப்படி அதுவும் தேறிய குதிரைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு அட்டைகளும் என் கையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

“அங்கிள், நான் பாஸா?” என்றாள். “பாஸ்மா” என்றேன். சான்றிதழ் மேசைக்குப் போனாள். பெயர் எழுதாத தாள் ஒன்றை நீட்டி, “பேரை நீங்களே போட்டுக்குங்க” என்றார்கள். திரும்பி என்னிடம் வந்து பேனா கேட்டாள். மேசையை அதற்குள் மடக்கிவிட்டார்கள். குதிரையின் சேணத்தின் மேல் தாளை வைத்துத் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டாள்.

அடுத்த பருவத்தில் அவளைக் காணவில்லை. கோப்பை கிடைக்காத வருத்தத்தில் போய்விட்டாள் என்று நான் சாதிக்க மாட்டேன். படிப்பு இருந்திருக்கலாம், பணமுடை இருந்திருக்கலாம், கிழடு செத்தும் போயிருக்கலாம். ஆனால் அவள் திரும்பி வருவதற்கு நாம் ஒரு காரணமும் கொடுக்கவில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏனென்றால் நான் அங்கே நின்றேன், பேனாவை மட்டும் கொடுத்தேன்.

நீங்கள் அந்த ஓட்டத்தை “சின்ன ரைட்” என்கிறீர்கள். எதற்குச் சின்னது? பினாங்குக்காரர்களுக்குப் புரிகிறமாதிரி சொல்கிறேன். 1985ல் திறந்த நம் முதல் பாலம் 13.5 கிலோமீட்டர். அதை மூன்று முறை கடந்தால் 40 கிலோமீட்டர். காரில் போனாலே சலித்துக்கொள்கிற தூரம். அதை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை, தன்னைவிடப் பல மடங்கு எடையுள்ள, பேசத் தெரியாத ஒரு பிராணியை நம்பி, அந்தப் பிராணியும் இவளை நம்பி, செம்பனைக் காட்டுச் சேற்றிலும் மணலிலும் கடக்கிறது. 160 என்பது ஏறக்குறைய இங்கிருந்து ஈப்போ. அதை ஒரே நாளில் ஓட்டுகிற உங்களுக்கு 40 சின்னதாகத் தெரிவது இயல்பு. ஆனால் உங்களில் ஒருவர்கூட 160ல் தொடங்கவில்லையே.

இன்னொன்றும் உண்டு, இதை வெட் கேட்டில் நிற்கிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். திடமான குதிரை கிடைத்தால் 40 கிலோமீட்டரை வேகமாக ஓட்டுவது பெரிய காரியமில்லை, அடக்கி ஓட்டுவதுதான் கஷ்டம். 120ல் அவசரப்பட்டால் மூன்றாவது சுற்றில் குதிரையே கணக்கைத் தீர்த்துவிடும். 40ல் தப்பித்துவிடலாம். தப்பித்தவனுக்கு நாம் கோப்பையும் கொடுத்தால் அவன் என்ன கற்றுக்கொண்டு 80க்குப் போவான்? விதி எழுதினவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. உலகக் குதிரையோட்ட அமைப்பான எஃப்.இ.ஐ., புதியவர்களின் தகுதி ஓட்டத்துக்கு மணிக்கு 16 கிலோமீட்டர் என்று வேகத்துக்கு வரம்பு கட்டியிருப்பது அதனால்தான். அந்தக் கணக்கில் 40 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் முடிக்கவே கூடாது. ஆக, விதி ‘மெதுவாக வா’ என்கிறது. நாமோ முதலில் வந்தவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறோம். புதியவர் எதை நம்புவார், விதிப்புத்தகத்தையா, கைதட்டலையா?

நீங்கள் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும். “முடித்தவர்களுக்கெல்லாம் பரிசு என்றால் பரிசுக்கு என்ன மதிப்பு? பாலர் பள்ளி விளையாட்டு விழாவா இது?” பலமுறை காதில் விழுந்த கேள்வி. கிளம்பினவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொல்லவில்லை ஐயா. முடித்தவர்களுக்குச் சொல்கிறேன். நம் ஓட்டத்தில் முடிப்பது என்றால் கோட்டைத் தாண்டுவதா? குறித்த நிமிடங்களுக்குள் நாடி 64க்கு இறங்கினால்தான், ஓடிக் காட்டும்போது ஒரு கால்கூட இழுக்காமல் இருந்தால்தான் முடித்ததாகக் கணக்கு. இந்தத் தீவில் மாரத்தான் ஓடுகிறவர் கோட்டைத் தாண்டி மயங்கி விழுந்தாலும் அவர் கழுத்தில் பதக்கம் ஏறிவிடும். நம்முடைய குதிரை கோட்டைத் தாண்டி நொண்டினால் எல்லாமே போச்சு. இவ்வளவு கறாரான சோதனையில் முதல்முறையே தேறிய பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொன்னால் எந்த மதிப்பு இறங்கிவிடும்?

அமெரிக்காவில் 1955ல் தொடங்கிய டெவிஸ் கோப்பையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். கலிபோர்னியா மலைகளில் 160 கிலோமீட்டர், 24 மணி நேரம். முதலில் வருபவருக்குக் கோப்பை. ஆனால் அங்கே ஓட்டிகள் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவது வெள்ளி பக்கிளை. நேரத்துக்குள் முடித்துக் குதிரையும் தேறினால், முதலாவதாக வந்தவருக்கும் கடைசியாக வந்தவருக்கும் அதே பக்கிள். 1972ல் அமைந்த அவர்களுடைய எண்டியூரன்ஸ் சங்கத்தின் வாசகமே முடித்தாலே வெற்றி என்பதுதான். 40லிருந்து 56 கிலோமீட்டர் வரையுள்ள குறுகிய ஓட்டத்துக்கு அங்கே ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கோட்டைத் தாண்டிய நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, நாடி 60க்கு இறங்கிய நேரம்தான் முடித்த நேரம். பாய்ந்து வந்து மூச்சு வாங்குகிற குதிரை நிற்க, அமைதியாக நடந்து வந்த குதிரை அதை முந்திவிடும். அத்தனை பேருக்கும் பின்னால் வந்தவருக்கு ஆமைப் பரிசு என்று ஒன்றைப் பல இடங்களில் கொடுக்கிறார்கள். கிண்டல் கலந்த பரிசுதான். ஆனால் அதைக் கொடுக்க வேண்டுமானால் கடைசி ஆள் வரும்வரை யாராவது காத்திருந்தாக வேண்டுமே, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

மறுபக்கம் வளைகுடாவையும் பாருங்கள். மணலில் கார்கள் கூடவே பறக்க, எண்டியூரன்ஸை வேகப் பந்தயமாக மாற்றியதன் விலையைக் குதிரைகள் கொடுத்தன. 2015ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் குதிரையோட்டச் சங்கத்தையே எஃப்.இ.ஐ. இடைநீக்கம் செய்யும் அளவுக்குப் போயிற்று. அங்கே ஓட்டியவர்கள் பிறக்கும்போதே இரக்கமில்லாதவர்களா? எதற்குக் கைதட்டு விழுந்ததோ அதைச் செய்தார்கள்.

நம்மிடம் இல்லாதது இடமும் இல்லை, பெருமையும் இல்லை. திரெங்கானுவின் செத்தியுவில் எண்டியூரன்ஸுக்கென்றே பூங்கா இருக்கிறது. 2008ல் உலகச் சாம்பியன்ஷிப்பைத் திரெங்கானுவில் நடத்தினோம். ஸ்பெயின் நாட்டு மரியா அல்வாரெஸ் பொன்டோன், நோபி என்ற குதிரையில் அங்கே வென்று, 2010ல் அமெரிக்காவில் அதே குதிரையில் மறுபடி வென்றார். அப்போது நம் பேரரசராக இருந்த சுல்தான் மிசான் தாமே நெடுந்தூரம் ஓட்டுகிறவர். நாட்டின் அரசரே சேணத்தில் ஏறிய விளையாட்டில், முதல்முறை ஏறுகிற பிள்ளையின் பெயரை எழுத ஒரு பேனா இல்லாமல் போனதே என்பதுதான் என் ஆற்றாமை.

பினாங்கிலிருந்து இதைச் சொல்ல எனக்கு இன்னொரு வலியும் இருக்கிறது. பத்து காந்தோங் என்றால் நம்மவர்களில் பாதிப் பேருக்குச் சுடுகாடு ஞாபகம் வரும், மீதிப் பேருக்குக் குதிரை. 1864ல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பைக் கலைத்துவிட உறுப்பினர்கள் 2024ல் வாக்களித்தார்கள். 2025 மே மாதக் கடைசியோடு பந்தயம் நின்றது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2024 அக்டோபர் 5ல், 1842ல் தொடங்கிய சிங்கப்பூர்க் கிளப்பும் கடைசிப் பந்தயத்தை ஓட்டி முடித்துவிட்டது. சூதாட்டம் ஒழிந்தது என்று மகிழ்கிறவர்கள் மகிழட்டும், அவர்களோடு எனக்கு வழக்கில்லை. என் பெரியப்பா தோட்டத்து லயத்தில் பிறந்து பந்தயத் திடலில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் வேலைக்கு வந்தவர். “லயத்துக்கும் லாயத்துக்கும் நடுவே ஒரு கால்தான் வித்தியாசம்” என்பார். எழுத்தின் காலா, குதிரையின் காலா என்று கேட்டால் சிரிப்பார், பதில் வராது. குளம்பைத் தொட்டுப் பார்த்தே சூடு ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்தக் கையில் இருந்த அறிவைத் திடல்தான் இத்தனை நாளும் வளர்த்துக்கொண்டிருந்தது. திடல் மூடியாயிற்று. இனி இந்த ஊர்ப் பிள்ளை ஒன்று குதிரையை எங்கே பார்க்கும்?

நம் வீடுகளில் குதிரை என்றால் மாணிக்கவாசகர் கதையில் நரி பரியானது ஞாபகம் வரும், இல்லையென்றால் கோயிலில் மதுரைவீரன் ஏறி நிற்கிற சிமெண்டுக் குதிரை. மூச்சுவிடுகிற குதிரையைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. “இது பணக்காரங்க விளையாட்டும்மா” என்று தடுக்கிற பாட்டியைத் தாண்டி, சொந்தக் குதிரை இல்லாமல், வாடகைக் குதிரையிலோ திடலில் ஓய்ந்த கிழட்டுக் குதிரையிலோ ஒரு பிள்ளை உங்கள் 40 கிலோமீட்டருக்கு வந்து நிற்கிறது என்றால், அது எத்தனை வாசற்படிகளைத் தாண்டி வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதைவிடவா பெரிய தூரம் உங்கள் 160?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகிற சாலையில் நின்றிருப்பீர்கள். பால்குடத்தோடு முதல் வருஷம் வருகிற சின்னப் பெண், கால் கொப்பளித்து, எல்லோருக்கும் பின்னால் வருவாள். பெரிய காவடிகள் போய்விட்டன என்று எந்தத் தண்ணீர்ப்பந்தலாவது குடத்தைக் கவிழ்த்து வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? யாரோ ஓர் அக்கா ஓடி வந்து அவள் காலில் தண்ணீர் ஊற்றுவார். பெயர்கூடக் கேட்க மாட்டார். ஊற்றுகிற அந்த அக்காவும் ஒரு வருஷம் கடைசியாக வந்தவராகத்தான் இருப்பார்.

ஆகவே என் கோரிக்கைக்கு வருகிறேன். எதற்கும் பெரிய செலவில்லை, ஸ்பான்சர் தேட வேண்டாம்.

குறுகிய ஓட்டத்தின் கடைசிக் குதிரை மருத்துவரிடம் தேறி முடிக்கும்வரை மைக்கை அணைக்காதீர்கள். பரிசளிப்பை அதற்குப் பிறகு வையுங்கள். வி.ஐ.பி. அவசரமாகப் போக வேண்டுமானால் போகட்டும். முதன்முறை முடித்தவர்களின் பெயரைத் தனியாக வாசியுங்கள். குதிரையின் பெயரை முதலில், ஓட்டியின் பெயரை அடுத்து, வழிநெடுகப் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிய அப்பாவோ அண்ணனோ யாரோ, அவர் பெயரைப் பிறகு. சான்றிதழில் பெயரை நீங்கள் எழுதுங்கள். கையெழுத்து அழகில்லாவிட்டாலும் பரவாயில்லை.

40 கிலோமீட்டரில் வேகத்துக்குக் கொடுக்கிற கோப்பையை எடுத்துவிட்டு, நல்ல நிலையில் முடித்த குதிரைக்குக் கொடுங்கள். அட்டை என் கையில் இருக்கிறது, மைக்கில் அதை வரிவரியாக வாசியுங்கள். எந்த எண்ணுக்காகக் கோப்பை என்று புதியவர் காதால் கேட்கட்டும்.

மூத்தவர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. பருவத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு முறை, உங்கள் வேகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு புதியவர் பக்கத்தில் 40 கிலோமீட்டர் ஓட்டுங்கள். எங்கே இறங்கி நடப்பது, எந்த ஓடையில் குடிக்கவிடுவது, காது பின்னால் மடிந்தால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் வகுப்பில் வராது. ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை உங்கள் குதிரைக்கு லாடம் மாற்றுகிறார்களே, தேய்ந்த லாடத்தைத் தூக்கிப் போடாதீர்கள். 160 ஓடிய குதிரையின் காலிலிருந்து கழற்றிய லாடத்தை, கழுவி, குதிரையின் பெயரை எழுதி, முதல் ஓட்டம் முடித்த பிள்ளையின் கையில் நீங்களே கொடுங்கள். கடையில் வாங்குகிற பிளாஸ்டிக் கோப்பையை ஒரு வருஷத்தில் எறும்பு குடிவந்து நாசமாக்கும். இந்த லாடத்தை அந்த வீட்டில் வாசல்நிலையில் அடித்து வைப்பார்கள்.

புதியவரை அடையாளம் காட்ட ரிப்பன் கட்டலாம் என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். கட்டுங்கள், ஓட்டியின் கையில். தயவுசெய்து வாலில் கட்டிவிடாதீர்கள். வாலில் சிவப்பு இருந்தால் உதைக்கிற குதிரை என்று அர்த்தமாகி, அந்தப் பிள்ளை பக்கத்தில் ஒருவரும் வர மாட்டார்கள்.

முடிக்காதவர்களையும் மறந்துவிடாதீர்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பாதி வழியில் குதிரையின் நடை கோணுகிறது என்று தானாகவே உணர்ந்து, இறங்கி, திரும்பி நடந்து வருகிற புதியவர்கள் உண்டு. மருத்துவர் பார்த்து “நல்லவேளை நிறுத்தினாய்” என்பார். அது அவருக்கும் எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் மட்டும்தான் கேட்கும். முடிவுப் பலகையில் அவர் பெயருக்கு எதிரே ஒரு எழுத்துச் சுருக்கம் விழும், அவ்வளவுதான். நம் விளையாட்டின் மொத்தப் பாடத்தையும் முதல் நாளே படித்துவிட்ட ஆள் டிரெய்லருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும். யாராவது ஒரு மூத்தவர் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் எத்தனை முறை அப்படி நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கணக்குச் சொல்லுங்கள். உங்கள் அட்டைகளையும் நான்தானே எழுதினேன், கணக்கு மறந்திருந்தால் என்னைக் கேளுங்கள்.

மைக் பிடிக்க ஆள் இல்லை, எல்லோரும் காலை நாலு மணியிலிருந்து நிற்கிறோம், களைத்துவிடுகிறோம் என்று சொல்வீர்கள். நியாயம்தான். அடுத்த பருவத்தின் முதல் 40 கிலோமீட்டருக்கு அட்டை எழுத வேறு ஆளை வைத்துக்கொண்டு, மைக்கை என்னிடம் கொடுங்கள். நான் நிற்கிறேன். ஒரு நாற்காலி, ஒரு தே தாரே, அந்த வயரை மட்டும் சுருட்டாமல் விட்டுவிட்டுப் போங்கள். பேனா நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வெட் கேட்டில் அட்டை எழுதுகிறவன்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு